ஓம் சொன்ன வீடுகள்

வேரோனிக்கா கிறிஸ்துநாயகம் மாகாணத் தேர்தலில் தோற்றதற்கு ஸ்காபரோவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கட்சி சரியில்லை என்றார்கள் சிலர். கத்தோலிக்கப் பெண்ணுக்குக் கோயில்காரர் வோட்டுப் போடவில்லை என்றார்கள் வேறு சிலர். மன்னார்க்காரிக்கு யாழ்ப்பாணத்தார் போடுவார்களா என்று இன்னும் சிலர் கேட்டுவிட்டு, பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அடுத்தவரின் தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பதைப் போல இனிப்பான வேலை நம்மவர்களுக்கு வேறில்லை. ஆனால் உண்மையான காரணம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தோல்வியை நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்த வேரோனிக்காவுக்கும் தெரியாது.

சிறு பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோவில் வந்திறங்கியவள் அவள். படித்து, லோயராகி, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், சேலைக்கடைக்கு மேலே, சின்னதாக ஒரு அலுவலகம் திறந்தாள். வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் றிச்மண்ட் ஹில்லில் தூண் வைத்த வீட்டில் இருந்திருப்பாள். அவளோ வாடகைக்கு இருப்பவர்களின் வழக்குகளைப் பிடித்துக்கொண்டாள். ஒழுகும் கூரை, வேலைசெய்யாத ஹீற்றர், காரணமில்லாமல் வீட்டைவிட்டு எழுப்புவது என்று எல்லாம் அவளிடம் வந்தன. நகரப் பேருந்து ஓட்டும் அவளது கணவன் கிளிபோட், 'என்ரை பஸ்ஸிலை ஏறுறவை எல்லாம் உன்ரை கட்சிக்காரர்தான்' என்று சொல்லிச் சிரிப்பான்.

வழக்கில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டும் கட்சிக்காரரை அவள் நம்பமாட்டாள். அவர்கள் வெளியே போய் மச்சானிடம் கேட்டு, நேரெதிராக ஏதாவது செய்துவிட்டு வந்து நிற்பார்கள். "ஏன் அப்பிடிச் செய்யவேணும்? எனக்கு விளங்கேல்லை" என்று சண்டைக்கு வருபவர்தான் கடைசியில் சொன்னதைச் சொன்னபடி செய்வார். இதை அவள் பல வருட அடியில் கற்றிருந்தாள். அப்படிப்பட்டவள் தேர்தலில் எப்படி ஏமாந்தாள் என்பதுதான் கதை.

தேர்தல் ஆசை அவளுக்குப் பிறந்தது ஒரு ஜன்னலால். பழைய தொடர்மாடி ஒன்றில் இருந்த புனிதவதி என்ற பெண், ஜன்னலில் பொருத்திய ஏசியைக் கழற்றச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் மிரட்டுவதாக ஓடிவந்தாள். வேரோனிக்கா வாதாடி வென்றாள். வென்ற கையோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே மிரட்டல் வந்தது. அதையும் வென்றாள். அடுத்த கோடையில் கீழ்வீட்டுக்கு வந்தது. குளிர்காலத்தில் வீடு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. கோடையில் மனிதர் அவியக்கூடாது என்று சொல்ல, அவள் கையில் பிடித்து வாதாடக்கூடிய விதி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலாக வென்றுகொண்டிருந்தால் செத்துப்போகும் வரைக்கும் வென்றுகொண்டே இருக்கலாம் என்று ஒருநாள் அவளுக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு வழக்குகளில் பழைய ருசி இல்லை. குயின்ஸ் பார்க்குக்கு, மாகாணச் சட்டமன்றத்துக்கே போய்ச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று நின்றாள்.

தேர்தல் வேலையைப் பொறுப்பெடுத்தவன் துஷாந்த். வீடு விற்கும் முகவர். நாற்பதைத் தாண்டியும் பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், கோயில் திருவிழாக்கள் ஒன்றையும் தவறவிடாத மனிதன். ஒருவரின் முகத்தைப் பார்த்தே அவர் வீடு வாங்குவாரா, சும்மா பார்க்க வந்தவரா என்று சொல்லிவிடுவதாகப் பெருமை பேசுவான். முகம் பார்க்கும் அந்தக் கலையை அவன் அப்படியே வாக்காளர்மீதும் பிரயோகித்தான்.

தொகுதியில் ரூஜ் பக்கம் வீடு வீடாகப் போனார்கள். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது, அது பிரச்சினை என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. வேற்றினத்தவர் வீடுகளில் கதவைத் திறந்து, கேட்டு, மூடிவிடுவார்கள். தமிழ் வீடுகளிலோ வாசலில் நின்று பேசவிட மாட்டார்கள். "உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ" என்பார்கள். பிறகு தேநீர். தேநீரோடு றோல்ஸ். றோல்ஸ் இல்லாவிட்டால் யாராவது பிள்ளையின் பிறந்தநாள் கேக்கின் மிச்சம். வேண்டாம் என்றால் மனம் நோகும். குடித்தால் அந்த மாலையே அந்தத் தெருவோடு முடிந்துவிடும். புறப்படும்போது வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன கேள்வி, எங்கட வோட்டு உங்களுக்குத்தான்" என்பார்.

துஷாந்த் காரில் ஏறியதும் அந்த வீட்டை உறுதியான வீடு என்று போனில் பதிந்துகொள்வான். "ரீ தந்தவை எல்லாம் எங்கட ஆக்கள் அக்கா. எழுதி வையுங்கோ" என்பான். வேரோனிக்காவுக்குக் கேட்கக் கேட்க இனித்தது. வழக்கில் கட்சிக்காரர் ஓம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பவள், இங்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆசை வந்தால் காது மந்தமாகிவிடும். லோயர் என்றாலும் அப்படித்தான்.

வாக்களிப்பு நாளில் துஷாந்த் சேனை திரட்டுவதுபோல் கார்களைத் திரட்டினான். உறுதியான வீடுகள் எல்லாவற்றுக்கும் கார் போனது. வயதானவர்களைக் கையைப் பிடித்து ஏற்றி, வாக்குச் சாவடியில் இறக்கி, திரும்பவும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எல்லோரும் வேரோனிக்கா நல்லாயிருக்க வேண்டும் என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். இரவில் எண்ணினார்கள். எதிர்க்கட்சியில் நின்ற சண்முகநாதன், வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கும் தொழில் பார்ப்பவர், கொஞ்ச வாக்குகளால் வென்றுவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் சண்முகநாதன் துஷாந்தைக் கண்டு ஆரத் தழுவிக்கொண்டார். நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். "தம்பி, உங்கட கார்கள் வந்திராட்டி எங்கட ஆக்களிலை அரைவாசிப் பேர் வீட்டிலைதான் இருந்திருப்பினம்" என்றார்.

துஷாந்த் அன்றைக்குச் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனான். அடுத்த நாள் வேரோனிக்காவிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வேரோனிக்கா அவனை ஏசவில்லை. ஏசத் தெம்பில்லை. இந்தச் சனத்துக்கு நான் வேண்டாமாம், அதை முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் தேநீர் தந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். பிள்ளைப் பருவத்தில் வகுப்பில் ஒருவரும் பக்கத்தில் உட்காராத நாட்களில் வந்த அதே வலி, இத்தனை வயதில் திரும்பி வந்தது.

அடுத்த தேர்தல் பெப்ரவரிக் குளிரில் வந்தது. கட்சித் தலைமையில் மீண்டும் அவளைக் கேட்டார்கள், ஆனால் இதுதான் கடைசி என்பதையும் நாசூக்காகச் சொல்லிவைத்தார்கள். இந்தமுறையும் தோற்றால் வேறு ஆள். வேரோனிக்கா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"தோத்தால் என்ன? உனக்கு ஒஃபிஸ் இருக்கு, எனக்கு பஸ் இருக்கு" என்றான் கிளிபோட். "ஆனால் தேர்தல் கேக்காமல் விட்டால் நீ வாற கோடை முழுக்க என்னோடை சண்டை பிடிச்சுக் கொழுவுவாய். அதை என்னாலை தாங்கேலாது."

சரி என்று இறங்கினாள். துஷாந்தையும் கூப்பிட்டாள். அவன் வெட்கத்தோடு வந்தான். "இந்தமுறை முகம் பாக்கிறேல்லை துஷாந்த்" என்றாள். "நான் வழக்குக் கேக்கிற மாதிரிக் கேக்கப்போறன்."

முதல் வீட்டிலேயே தேநீர் வந்தது. குடித்தாள். "எங்கட வோட்டு உங்களுக்குத்தான்" என்பதும் வந்தது. வேரோனிக்கா கோப்பையை வைத்துவிட்டு, "அது சந்தோசம் அண்ணை. என்னிலை என்ன குறை? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "குறையோ? உங்களிலையோ? சீச்சீ" என்று மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். வெளியே வந்ததும் வேரோனிக்கா, "இவை சண்முகநாதன்ரை ஆக்கள்" என்றாள்.

அடுத்த வீட்டுக்காரியிடம் அதே கேள்வி. "குறையோ? இருங்கோ சொல்லுறன்" என்று தொடங்கினாள் அவள். போனமுறை தந்த துண்டுப் பிரசுரத்தில் படம் நல்லாயில்லை, பாடசாலைப் பஸ் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, வேரோனிக்காவின் அலுவலகத்தில் போன் எடுத்தால் ஒருவரும் எடுப்பதில்லை. தேநீர் போட மறந்தேபோனாள். துஷாந்துக்கு வியர்த்தது. காரில் ஏறியதும், "இது எங்கட வீடு. வோட்டு நாளிலை இவவுக்கு மட்டும் காரை அனுப்பு" என்றாள் வேரோனிக்கா.

நாளுக்கு நாள் ஏச்சு கூடியது, நம்பிக்கையும் கூடியது. ஆனால் எண்ணிப் பார்த்தால் ரூஜ் வீடுகள் மட்டும் போதாது. தொகுதியின் தெற்கு மூலையில் இருந்த அந்தத் தொடர்மாடி வந்தால்தான் கரை சேரலாம். அது புனிதவதியின் கட்டடம். வேரோனிக்கா வென்ற ஜன்னல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அந்தக் கட்டடத்துக்கு நான் போகவே தேவையில்லை என்றுதான் போனமுறை நினைத்திருந்தாள்.

புனிதவதி கதவைத் திறந்து, கட்டிப்பிடித்து, கதிரையில் இருத்தினாள். விமான நிலையச் சமையலறையில் வேலை. அன்று ஓய்வு நாள். உழுந்து வடை சுட்டிருந்தாள். "உங்களுக்குப் போடாமல் ஆருக்குப் போடப்போறம் லோயர்? நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை" என்றாள்.

"என்னிலை என்ன குறை புனிதாக்கா?"

"குறையோ? தெய்வத்திலை குறை சொல்லலாமோ? வடையை எடுங்கோ."

வேரோனிக்காவின் கை வடையில் போய் அப்படியே நின்றுவிட்டது. அவளது சொந்த விதிப்படி இந்த வீடு எதிர்வீடு. எல்லா வீட்டிலும் அந்த விதி பலிக்கட்டும், இந்த வீட்டில் மட்டும் பொய்க்கட்டும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். ஆனால் புனிதவதி அவளது கண்ணைப் பார்க்கவில்லை.

"துஷாந்த், நீ காரிலை இரு" என்றாள் வேரோனிக்கா. அவன் போனபிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, போனமுறை நீங்கள் எனக்குப் போடேல்லை. அது பறவாயில்லை, அது உங்கட உரிமை. நான் உங்களுக்கு என்ன பிழை விட்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

புனிதவதி தட்டத்தை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு பிழையும் இல்லை" என்றாள். "நீங்கள் வெண்டால் எங்கட வழக்கை ஆர் பாக்கிறது?"

வேரோனிக்காவுக்கு உடனே விளங்கவில்லை.

"நீங்கள் குயின்ஸ் பார்க்குக்குப் போயிடுவியள். ஒஃபிஸைப் பூட்டிப்போடுவியள். ஆக்கள் பெரியாக்களாகினால் பிறகு மாலை போடத்தான் கிட்டப் போகலாம். எங்களுக்கு லோயர் வேணும். அரசியல்வாதிக்குப் பஞ்சமில்லை, சண்முகநாதன் இருக்கிறார்தானே. கீழை லோண்ட்ரிக்கை கதைச்சனாங்கள். கதைச்சுப்போட்டு எல்லாருமாச் சேர்ந்து அவருக்குப் போட்டம்." அவள் வடைத் தட்டத்தை முன்னுக்குத் தள்ளினாள். "உங்களிலை விருப்பமில்லாமல் இல்லை லோயர். உங்களை விடேலாமல்தான்."

வேரோனிக்கா இத்தனை நாளும் யாருக்கும் வேண்டாதவள் என்று தன்னைத்தானே கரித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். இவர்களோ உடுப்புத் தோய்க்கும் இடத்தில் கூட்டம் போட்டு, அவளை இழக்கக்கூடாது என்று அவளையே தோற்கடித்திருக்கிறார்கள். அழுகை வந்தது. அதோடு நல்ல கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது.

"அப்ப நான் சாகும் வரைக்கும் ஒவ்வொரு ஜன்னலா வெண்டுகொண்டு இருக்கட்டோ?"

"இருந்தால் என்ன? நல்லா வெல்லுறியள்தானே."

"ஒஃபிஸிலை எனக்குக் கீழை ஜூனியர் லோயர் நிலாணி இருக்கிறா. ஒஃபிஸைப் பூட்டமாட்டன். அவ நடத்துவா."

"அந்தப் பிள்ளைக்குக் குரலே வெளியிலை வராது."

"எனக்கும் முதல் வழக்கிலை வரேல்லை. தோத்தனான். அந்தக் குடும்பம் இண்டைக்கும் என்னோடை கதைக்கிறேல்லை." வேரோனிக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். வழக்கில் கடைசிக் கேள்விக்கு முன் அவள் அப்படித்தான் செய்வாள். "மேல்வீட்டிலை கிளடிஸ் அன்ரி எப்பிடி இருக்கிறா?"

புனிதவதியின் முகம் மாறியது. போன கோடையில் கிளடிஸ் வெக்கையில் மயங்கி விழுந்து, அம்புலன்ஸில் கொண்டுபோனது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். "இப்ப பறவாயில்லை. தடி பிடிச்சு நடக்கிறா."

"அவ ஏன் என்னட்டை வரேல்லை?"

"பயம். வழக்கு எண்டால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவினமாம். நாங்கள் எல்லாரும் சொல்லிப் பாத்தம், ஏசியைக் கழட்டிக் குடுத்துப்போட்டா."

"என்னட்டை வந்தவைக்கு நான் வெண்டன் அக்கா. வராதவைக்கு நான் என்ன செய்யிறது? சட்டம் எண்டு ஒண்டு இருந்தால் கிளடிஸ் அன்ரி என்னட்டையும் வரத் தேவையில்லை, நிலாணியிட்டையும் வரத் தேவையில்லை. பயந்தபடியே வீட்டிலை இருக்கலாம். ஆனால் அவியாமல் இருக்கலாம்."

"போனால் கட்டாயம் சட்டம் வருமோ?"

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். தேர்தலில் நிற்பவர்கள் சொல்லும் பொய்களில் இது சின்னதுதான். "சத்தியம் பண்ணேலாது" என்றாள் வேரோனிக்கா. "அங்கை போய்க் கொழுவுவன். அது மட்டும் சொல்லலாம்."

புனிதவதி ஓம் சொல்லவில்லை. "யோசிக்கவேணும்" என்றாள். "மற்றச் சனத்தோடையும் கதைக்கவேணும். உங்கட நிலாணியை ஒருக்கா இஞ்சை வரச்சொல்லுங்கோ, பாப்பம்." வடையை ஒரு பையில் போட்டு வேரோனிக்காவின் கையில் திணித்தாள். அதில் இன்னும் கோபம் இருந்தது.

காரில் துஷாந்த், "என்னண்டு போடுறது அக்கா? உறுதியோ இல்லையோ?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றாள் வேரோனிக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வீட்டைப் பற்றித் தெரியாது என்று சொன்னதில் இத்தனை ஆறுதல் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

நிலாணி போனாள். லோண்ட்ரியில் நிற்க வைத்து அவளை இரண்டு மணித்தியாலம் குறுக்கு விசாரணை செய்தார்களாம். அழுவாரைப்போல் திரும்பி வந்தவள், "அக்கா, அவை என்னை ஒரேயடியா நாறடிச்சுப்போட்டினம்" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு வழக்கை எடுத்து வந்திருப்பதாகவும் சொன்னாள்.

வாக்களிப்பு நாளில் பனி கொட்டியது. ரூஜில் பிரசங்கம் போல் ஏசிய வீடுகளுக்கு மட்டும் கார்கள் போயின. சண்முகநாதனின் ஆட்கள் பனியைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்களா, தங்கள் காரில் வந்தார்களா என்பது அவர் பாடு. அன்று இரவு எண்ணிக்கை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. ரூஜ் வாக்குகள் வந்தும் சண்முகநாதன்தான் முன்னுக்கு நின்றார். கடைசியில் தெற்கு மூலைத் தொடர்மாடியின் பெட்டி வந்தது. துஷாந்த் திரையைப் பார்த்தபடி நிலத்தில் குந்திவிட்டான். வேரோனிக்கா வென்றிருந்தாள். கிளிபோட் அவளது தோளில் கையை வைத்தான். சண்முகநாதன் போனில் முதல் ஆளாக வாழ்த்தினார்.

அடுத்த நாள் காலை வேரோனிக்கா அலுவலகத்தில் மேசையை நிலாணிக்கு ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே சேலைக்கடைக்காரர் அனுப்பிய பூங்கொத்து ஒன்று கதிரையில் கிடந்தது. கதவைத் தட்டாமல் புனிதவதி உள்ளே வந்தாள். வேலைக்குப் போகும் உடுப்பு, பனி ஒட்டிய சப்பாத்து. பூங்கொத்தைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, வழக்கோடு வரும் கட்சிக்காரர் இருக்கும் அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். வாழ்த்துச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது.

"எங்கட லோயரை நாங்களே வோட்டுப் போட்டு அனுப்பிப்போட்டம்" என்றாள்.

வேரோனிக்கா நன்றி சொல்ல வாயெடுத்தாள். புனிதவதி கையைக் காட்டித் தடுத்தாள்.

"நன்றி ஒண்டும் வேண்டாம். கிளடிஸ் வெக்கைக்கை விழக்கூடாது. அதுக்குத்தான் உங்களை விட்டனாங்கள். வாற கோடைக்கிடையிலை செய்து தாங்கோ."

எப்போதும்போல் அந்த இடத்தில் ஓம் என்று சொல்வது வெகு சுலபம். முன்னால் இருந்தவளும் அதைத்தான் கேட்க விரும்பினாள். வேரோனிக்கா அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"இந்தக் கோடைக்கிடையிலை ஏலாது அக்கா. நான் பொய் சொல்லமாட்டன்."

"அப்ப அடுத்த கோடை."

"அதுக்குள்ளை கொண்டுவரத்தான் பாப்பன். அதுவும் கஸ்ரம்தான்."

புனிதவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது, ஆனாலும் எழும்பவில்லை. தன் கையுறையைக் கழற்றிவிட்டு வேரோனிக்காவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.